மூன்றாம் முடிச்சுக்கு இரண்டு விமானம்

தாலி கட்டும்போது முதல் இரண்டு முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மூன்றாவதை அவன் அக்காவோ தங்கையோ பின்னால் நின்று போடுவாள். இது எங்கள் சபையின் ஜெபப் புத்தகத்தில் எழுதியிருக்கிற விஷயம் இல்லை. ஆனாலும் ஆம்பூரில் எனக்குத் தெரிந்து எந்தக் கல்யாணத்திலும் யாரும் இதை விட்டதில்லை.

அதனால், மகன் சாமுவேல் ஜெர்மனியிலிருந்து போன் பண்ணி, "அம்மா, இங்கேயே ஒரு பொண்ணைப் பார்த்திருக்கேன், கல்யாணமும் இங்கதான்" என்று சொன்னபோது, பொண்ணு யார், என்ன நிறம் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. "கிரேஸ் எப்படிடா வருவா?" என்றுதான் கேட்டேன்.

கிரேஸ் என் மூத்த மகள். நான் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற லைனில் உட்கார்ந்திருந்த காலத்தில் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் தோல் பதனிடுகிற படிப்பு படித்து, ஜெர்மனியில் தோல் பதனிடப் போடுகிற மருந்து செய்கிற கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டான். அக்கா ஆம்பூரிலேயே வாழ்க்கைப்பட்டு இங்கேயே இருக்கிறாள்.

"உனக்கும் அப்பாவுக்கும் டிக்கெட் காசு அனுப்பிட்டேம்மா. அக்கா, மாமா ரெண்டு பேருக்கும் இப்ப முடியாது. மூணாவது முடிச்சை இங்க பாஸ்டர் வீட்டம்மா போட்டுடுவாங்க."

"எவளோ வந்து போடுறதுக்கு என் பொண்ணு செத்தா போய்ட்டா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டேன்.

பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார் என் மருமகன் ஜெயராஜ். தோல் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் டாக்குமென்ட் பிரிவில் இருக்கிறவர். எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு எப்போது போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். "அத்தை, கொஞ்சம் பொறுங்க" என்று வெளியே போனவர் ஒரு வாரம் அலைந்தார். வந்து சொன்னார்: ஊரிலிருந்து ஜெர்மனி வரைக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால்தான் விலை ஜாஸ்தி. வளைகுடா வரைக்கும் ஒரு கம்பெனி, அங்கேயிருந்து வேறொரு கம்பெனி என்று தனித்தனியாக எடுத்தால் ரொம்பக் கம்மி. இரண்டு பேர் காசில் ஏறக்குறைய நாலு பேரும் போய்விடலாம். குறைகிறதை அவர் போட்டுக்கொள்வார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்.

"நடுவுல ப்ளேன் மாறணுமே, பொட்டிங்க இன்னா ஆவும் மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"நம்ம சரக்கு சென்னையில ஏறி கொழும்புல வேற கப்பலுக்கு மாறுது. நாம போயா மாத்துறோம்? கன்டெய்னர் தானா மாறிக்குது. ஏரோப்ளேனும் அதேதான் அத்தை."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சாமுவேலுக்கு மட்டும் பிடிக்கவில்லை. என்னிடம் தனியாகச் சொன்னான்: "வயசானவங்களை வெச்சிக்கிட்டு தனித்தனி டிக்கெட்டுல வர்றது ரிஸ்க்கும்மா. ஏதாச்சும் ஆச்சுன்னா நான் மாமாகிட்ட பேசவே மாட்டேன்." இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இதையெல்லாம் எழுதச் சொல்லி எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். வேதப் புத்தகம் வாசிக்கிற அளவுதான் எனக்கு எழுத்து. ஆனாலும் வேறு யாரையும் வைத்து எழுதவில்லை. என் பயணத்தை நான்தான் எழுதணும்.

புறப்பட்ட அன்று வீட்டில் எல்லோரும் வட்டமாக நின்று ஜெபம் பண்ணினோம். போதகர் கொஞ்சம் நீட்டிவிட்டார். வேன்காரர் வாசலில் நின்று ஹாரன் அடித்தே ஆமென் சொன்னார்.

சென்னை விமான நிலையத்தில் பைகளை எக்ஸ்ரே மெஷினில் விட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் அட்டெண்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அந்த மெஷினை விட்டு நகர மாட்டேன் என்றார். "நல்ல மெஷின். நம்மளதுல இவ்ளோ தெளிவா விழாது" என்று அங்கே நின்ற போலீஸ்காரரிடம் சொன்னார். அவரும், "அப்படியா பெரியவரே, நகருங்க" என்றார்.

கவுண்டரில் இருந்த பெண் எங்கள் நாலு பெட்டிக்கும் சீட்டு கட்டினாள். "எதுவரைக்கும் சார்?" என்று கேட்டாள். "கடைசி வரைக்கும்" என்றார் மாப்பிள்ளை. அவள் டிக்கெட்டைப் பார்த்து இங்கிலீஷில் என்னமோ சொன்னாள். பின்னால் வரிசை நெருக்கியது. மாப்பிள்ளை "எஸ், எஸ்" என்று தலையாட்டிவிட்டு வந்தார். அந்த இடத்தில்தான் எங்கள் கதை திரும்பியது. அப்போது யாருக்கும் தெரியாது.

விமானம் ரொம்ப நேரம் கிளம்பாமலே நின்றது. நின்ற வண்டியிலேயே பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். ஜோலார்பேட்டையில் ரயில் நின்றால் இறங்கி டீ குடிக்கலாம், இங்கே அதுவும் இல்லை. சாப்பாடு என்று ஒரு தட்டு வந்தது. சோறு விறைத்துப் போயிருந்தது, குழம்பில் சர்க்கரை. கிரேஸ் கட்டிவந்த சப்பாத்தியைப் பிரித்தாள். வாசனைக்கு முன் சீட்டுப் பிள்ளை திரும்பிப் பார்த்தது. அதற்கும் ஒன்று கொடுத்தோம்.

வளைகுடா ஊரின் விமான நிலையத்தில் இறங்கினோம். ஆம்பூர் கடைத்தெரு முழுவதையும் தூக்கி உள்ளே வைத்தாலும் ஒரு மூலைதான் நிரம்பும். நான் கூரையைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தேன். எத்தனை ஷூ! நடக்கிற மனுஷனை நிறுத்தி, இந்தத் தையல் எங்கள் லைன் தையல் என்று சொல்லலாம் போல இருந்தது. எங்கள் பக்கத்துத் தோல் எவ்வளவு தூரம் நடக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

அடுத்த விமானத்துக்குச் சீட்டு வாங்க ஒரு மேசைக்குப் போனோம். அங்கே இருந்த பெண் பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரி என்று மாப்பிள்ளை சொன்னார். சிரித்த முகம். பெட்டிச் சீட்டுகளைக் கேட்டாள். மாப்பிள்ளை பெருமையாக எடுத்து வைத்தார். அவள் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. மெதுவாகப் பேசினாள். மாப்பிள்ளை கேட்கக் கேட்க, தமிழில் எங்களுக்குச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

"இன்னா மாப்பிள்ளை?"

"பொட்டிங்க இதுவரைக்கும்தானாம் அத்தை. வேற கம்பெனி டிக்கெட்டாம். கீழே பெல்ட்டுல சுத்திக்கினு இருக்குதாம். நாமதான் போய் எடுத்து திரும்பப் போடணுமாம்."

"எடுத்துட்டா போச்சு."

"கீழே போக இந்த ஊர் விசா வேணுமாம். நம்மகிட்ட இல்லை. ஆளை அனுப்பி எடுப்பாங்களாம். ஆனா அதுக்குள்ள ப்ளேன் போய்டும். முதல் ப்ளேன் லேட்டு வேற."

கல்யாணம் மறுநாள் காலையில். இந்த விமானத்தை விட்டால் அடுத்ததில் போய்ச் சேரும்போது தாலி கட்டி முடிந்திருக்கும். அப்புறம் நாங்கள் நாலு பேரும் போய் எதற்கு, கேக் தின்னவா?

மாப்பிள்ளை அந்தச் சீட்டுகளையே பார்த்துக்கொண்டு, "ட்ரான்ஷிப்மென்ட்... தானா மாறணுமே..." என்றார். எங்கள் வீட்டுக்காரர் அவர் தோளில் கை வைத்து, "ஜெயராஜு, நாம சரக்கு இல்லப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொட்டி கிடக்கட்டும், நாம போலாம்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"கூறைப்புடவை அதுலதான்பா இருக்குது" என்றாள் கிரேஸ். தாலி என் ஜாக்கெட்டுக்குள் சுருக்குப் பையில் பத்திரமாக இருந்தது. ஆனால் பெண்ணுக்கு நம் வீட்டிலிருந்து கொடுக்கிற பட்டு பெட்டியில். ஆள் இல்லாமல் விட்டால் பெட்டிகள் ஏதோ கிடங்குக்குப் போய்விடுமாம். திரும்ப வருமா, எப்போது வரும் என்று அந்தப் பெண்ணால் சொல்ல முடியவில்லை. ஒருத்தர் நின்றால் மேலே கொண்டுவந்து கொடுப்பார்களாம்.

"நான் நிக்கிறேன்" என்றார் மாப்பிள்ளை. "ஒரு நாள் கழிச்சி ஒரு ப்ளேன்ல இடம் இருக்குதாம். அதுல வர்றேன்."

"நானும் நிக்கிறேன்" என்றாள் கிரேஸ்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன். "நீ நின்னா நாம கெளம்புனதே வேஸ்ட்டு. உனக்கோசரம்தானே இத்தனை பேஜாரு? போ கிரேஸ். போய் முடிச்சு போடு."

அவள் நகரவில்லை. நான்தான் கையைப் பிடித்தேன். "மாப்பிள்ளை சொல்றது சரி. நட" என்றேன். மிச்சம் இருந்த சப்பாத்தியை அவர் கையில் கொடுத்தேன். சம்பந்திக்கென்று தனியாகக் கையில் எடுத்துவந்த ஆற்காட்டு மக்கன் பேடா டப்பாவையும் கொடுத்தேன்.

"இது சம்பந்திக்கு அத்தை."

"சம்பந்தி அவங்க ஊர்ல சாப்புடுவாங்க. நீங்க இங்க இன்னா சாப்புடுவீங்க?"

வாங்கிக்கொண்டார். "அத்தை, சாமுகிட்ட..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"அதை நான் பேசிக்கிறேன்" என்றேன்.

விமானம் நிற்கிற வாசல் ரொம்ப தூரம். எங்கள் வீட்டுக்காரர் முழங்கால் வலியோடு நடப்பதைப் பார்த்து அந்தப் பெண் ஒரு சக்கர நாற்காலியை வரவழைத்தாள். தள்ளிக்கொண்டு வந்தவர் பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர், நல்ல உயரம், மருதாணி போட்ட தாடி. அவரிடம் நான் உருதுவில் பேசினேன். பக்கத்து வீட்டு பேகத்தோடு முப்பது வருஷமாக வேலியைப் பிடித்துக்கொண்டு பேசிய உருது. அவர் சிரித்துவிட்டார்.

"அம்மா, இது எந்த நாட்டு உருது?"

"ஆம்பூர் நாட்டு உருது."

"அப்படி ஒரு நாட்டை நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"இப்ப கேட்டாச்சு இல்ல? தள்ளுப்பா, நேரமாவுது."

அவர் தள்ளவில்லை. இன்னொரு காலி நாற்காலியைக் காட்டி, நீங்களும் உட்காருங்கள் என்றார். எனக்கு எதற்கு? லைனில் நாள் முழுக்க மிஷின் மிதித்த கால் இது. இன்றைக்கும் சந்தைக்கு நடந்துதான் போகிறேன். ஊரார் பார்க்க வண்டியில் உட்கார்ந்து போகிற அளவுக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "நாற்காலிக்காரர்களுக்குக் குறுக்கு வழி உண்டு அம்மா. ஒரு நாற்காலிக்கு ஒரு துணைதான் கூட வரலாம். அய்யாவுக்குத் துணை நான். நீங்கள் நடந்தால் உங்கள் மகளும் நீங்களும் பெரிய வரிசையில் நிற்கணும்."

உட்கார்ந்தேன்.

கிரேஸ் என் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஓட ஓட அழுதாள். பார்த்தவர்கள் என்னைச் சாகக் கிடக்கிறவள் என்றுதான் நினைத்திருப்பார்கள், விலகி விலகி வழி விட்டார்கள். அதுவும் நல்லதுக்குத்தான். வாசலில் கதவைச் சாத்துகிற சமயத்தில் போய்ச் சேர்ந்தோம். பட்டாணியருக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் கும்பிட்டேன். அவர் நெஞ்சில் கை வைத்து, "உங்கள் மருமகன் விமானம் ஏறும் வரை என் விருந்தாளி" என்றார். இவ்வளவு தூரத்தில் யாரோ ஒரு தாயின் பிள்ளை இப்படிச் சொல்கிறான். எனக்கு மனசு ஆறியது.

விமானத்தில் கிரேஸ் பக்கத்து இருக்கை காலி. பணிப்பெண் சாப்பாட்டுத் தட்டுடன் வந்து, இங்கே ஆள் உண்டா என்று சைகையில் கேட்டாள். கிரேஸ் உண்டு என்று தலையாட்டி ஒரு தட்டை வாங்கி வைத்தாள். அதில் இருந்த பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டாள். "பசி தாங்க மாட்டாரும்மா" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே மேகம்தான், வேறொன்றும் இல்லை. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜெர்மனியில் சாயங்கால வெயில் அடித்தது. ஆனால் சூடு இல்லை. வெயிலில் நின்று நடுங்குவது எனக்குப் புதுசு. சாமுவேல் பூங்கொத்தோடு நின்றான். பக்கத்தில் உயரமாக ஒரு பெண், எங்கள் மருமகள் கத்தரீனா. என்னைக் கண்டதும் கை கூப்பி, "வாங்க அத்தை" என்றாள். "வாங்க" சரியாக வந்தது, "அத்தை" கொஞ்சம் வழுக்கியது.

சாமுவேல் எங்கள் பின்னால் பார்த்தான். "மாமா எங்கம்மா? லக்கேஜ் எங்க?"

கிரேஸ் சொன்னாள். சொல்லி முடிக்கவில்லை, அவன் முகம் சிவந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல? தனித்தனி டிக்கெட் எடுக்காதீங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்ல? அவருக்கு எல்லாம் தெரியும்னு நெனப்பு."

"எடுக்கச் சொன்னது நான்" என்றேன்.

"நீயா?"

"நான்தான். அக்கா இல்லாம உன் கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன்னு சொன்னேன். அந்த மனுஷன் இன்னா பண்ணுவாரு? பொட்டிக்குக் காவலா நிறுத்திட்டு வந்ததும் நான்தான். ஏதாச்சும் கேக்கணும்னா என்னைக் கேளு. அவரு டிக்கெட்டை ரெண்டா எடுக்கலன்னா உன் அக்கா இப்ப ஆம்பூர்ல உக்காந்துக்கினு இருப்பா. இதோ உன் முன்னால நிக்கிறா. அதை மொதல்ல பாருடா."

பார்த்தான். அக்கா அழுது அழுது மூக்கு சிவந்து, கசங்கின புடவையில் நின்றாள். அவளைக் கட்டிக்கொண்டான். கத்தரீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தன் மேல்கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்திவிட்டாள். நல்ல ஆட்டுத்தோல். தொட்டதுமே தெரிந்தது.

மறுநாள் நாங்கள் மூன்று பேரும் ஆம்பூரிலிருந்து உடுத்திவந்த துணியோடுதான் கல்யாணத்துக்குப் போனோம். சம்பந்தியம்மா முந்தின நாளே அதைத் துவைத்து, அறையைச் சூடேற்றுகிற இரும்புக் குழாயின் மேல் காயப்போட்டு, காலையில் இஸ்திரி போட்டு வைத்திருந்தார்கள். அதுவரைக்கும் நான் அந்த அம்மாளின் பெரிய கம்பளி அங்கியில் இருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் என்னை அடையாளம் தெரியாதவர்போல நடித்து, "குட் மார்னிங் மேடம்" என்றார்.

கருங்கல் கோயில். உள்ளே அத்தனை அமைதி. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் போதகர் மைக்கில் இரண்டு தரம் அதட்டினால்தான் இந்த அமைதி வரும். ஆர்கன் வாசித்தார்கள், பாட்டு தெரியவில்லை, ராகம் தெரிந்தது. நானும் தமிழில் பாடினேன்.

தாலி கட்டுகிற இடம் வந்தது. சாமுவேல் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் கத்தரீனா கூந்தலைத் தூக்கிக் கட்டியிருந்தாள். முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவது விழவில்லை. இவன் கை நடுங்குகிறது. போடுகிறான், நழுவுகிறது, மறுபடி போடுகிறான். கோயில் முழுக்க மூச்சுவிடாமல் பார்க்கிறது. பின்னால் நின்ற கிரேஸ், சின்ன வயசில் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடும்போது சொல்கிற அதே குரலில், "தள்ளுடா" என்றாள். இரண்டாவதையும் போட்டாள், மூன்றாவதையும் போட்டாள். போட்டு நிமிர்ந்தவள் ஒரு தரம் கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை.

சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு, மாட்டுக்கறி, வெள்ளையாக ஒரு குழம்பு. கறி பஞ்சு மாதிரி வெந்திருந்தது, அதைச் சொல்லியே ஆகணும். காரம்தான் பெயருக்கும் இல்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சம்பந்தியம்மா கண்டுபிடித்து, உள்ளே போய் ஒரு சின்னப் புட்டியில் மிளகுத்தூள் கொண்டுவந்தார்கள். நான் கொட்டிக்கொண்டதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாஷை இல்லாமலே சம்பந்திகள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கத்தரீனா வெள்ளை உடுப்பிலேயே இருந்தாள். பட்டுக்கு மாற வேண்டிய நேரத்தில் என்னிடம் வந்து கையைப் பிடித்து என்னமோ சொன்னாள். "ஜெயராஜ் அண்ணன் வந்ததும் கட்டிக்கிறேன்னு சொல்றாம்மா" என்றான் சாமுவேல். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த நாள், கல்யாண மாப்பிள்ளை என்று வீட்டில் இருக்காமல், "மாமாவை நான்தான் கூட்டியாருவேன்" என்று அவனே வண்டியை எடுத்தான். கிரேஸும் நானும் கூடப் போனோம். விமானம் இறங்கிவிட்டது என்று பலகையில் வந்த பிறகும் ரொம்ப நேரம் ஆளைக் காணோம். கதவு திறக்கும்போதெல்லாம் கிரேஸ் எட்டிப் பார்த்தாள்.

கடைசியில் வந்தார். தள்ளுவண்டியில் நாலு பெட்டியும் அடுக்கியிருந்தது. அதற்குப் பின்னால் சவரம் செய்யாத முகம், சட்டை கசங்கி, கண் உள்ளே போய். சாமுவேல், "மாமா..." என்று ஒரு அடி வைத்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. நேரே கிரேஸைத்தான் பார்த்தார்.

"போட்டியா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"ரெண்டாவதும் அவதான் போட்டா மாப்பிள்ளை" என்றேன் நான். "உங்க மச்சானுக்குக் கை நடுங்கிப் போச்சு."

"ரெண்டா?" என்றார். "ரெண்டு போட்டாளா?" அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அழுகையாக மாறப் பார்த்தது. வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சாமுவேல் போய்க் கைப்பிடியில் கை வைத்தான். "விடுங்க மாமா, நான் தள்றேன்."

"வேணாம் மச்சான், புது மாப்பிள்ளை நீ."

"நீங்க ரெண்டு நாளா தூங்கலை. விடுங்கன்றேன்."

"இவ்ளோ தூரம் தள்ளினவனுக்கு இது இன்னா? நீ விடு."

இரண்டு பேரும் விடவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். பின்னால் ஜெர்மன்காரர்கள் வண்டிகளோடு வரிசை கட்டிவிட்டார்கள். ஒருத்தரும் குரல் கொடுக்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.